கோலமும் தறியும் தோப்பும்

நம் சங்கத்து அங்கத்தினர்களில் ஒரு சாரார் தறியில் அமர்ந்து பிழைப்பவர். மற்றொரு சாரார் வயலிலும் தோப்பிலும் பாடுபட்டுப் பிழைப்பவர். இவ்விரு தொழில்களுக்கும் தொடர்பு யாது என்று கேட்டால், 'ஒருவர் உடுக்கத் தருகிறார், மற்றவர் உண்ணத் தருகிறார்' என்ற அளவில் விடை கூறி அமைவது வழக்கம். ஆயினும் இரு தொழில்களுக்கும் அடியில் பொதுவாக நிற்பது ஒன்று உண்டு. அதுதான் ஒழுங்கு. ஓர் அளவை எடுத்துக்கொண்டு, ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அவ்விதி வழுவாமல் அவ்வளவைத் திரும்பத் திரும்ப வைத்துச் செல்லுவதையே இங்கே ஒழுங்கு என்கிறோம். சேலையில் வரும் கட்டமும் அதுவே. நாற்று நடும் வரிசையும் அதுவே.

இவ்வொழுங்கைக் கண்டுகொள்ளும் கண் நம்மிடம் பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் கண்டதைக் கணக்காக்கி, கணக்கை எழுத்தாக்கி வைக்கும் பழக்கம் நம்மிடையே குறைவு. அதனால் நாம் அடையும் நஷ்டம் சிறிதன்று. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசலில் தொடங்கும் பாடம்

கணக்குப் பாடம் பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது என்பர். நம் நாட்டில் அது வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் சாணம் தெளித்து, புள்ளி வைத்து, இழை இழுத்துச் சிக்குக்கோலம் போடும் நம் பெண்மக்கள், தாம் அறிந்தோ அறியாமலோ ஒரு நுட்பமான கணக்கைச் செய்கிறார்கள்.

வேண்டுவோர் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். வரிசைக்கு 5 புள்ளிகளாக 4 வரிசை நேர்ப்புள்ளி வையுங்கள். இரு புள்ளிகளுக்கு இடையே சாய்வாகப் புகுந்து செல்லும் ஓர் இழையைத் தொடங்குங்கள். ஓரத்தை அடைந்தால் மட்டும் வளைத்துத் திருப்புங்கள்; நடுவில் எங்கும் திருப்பவேண்டாம். அவ்விழை இருபது புள்ளிகளையும் சுற்றிக்கொண்டு, தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். ஒரே இழையில் கோலம் முடிந்துவிடும். இனி வரிசைக்கு 6 புள்ளிகளாக 4 வரிசை வைத்துப் பாருங்கள். முதல் இழை பாதிப் பயணத்திலேயே தொடங்கிய இடத்திற்குத் திரும்பிவிடும். மற்றோர் இழை வேண்டியிருக்கும். நாலுக்கு நாலு வைத்தால் நான்கு இழைகள் வேண்டும்.

இதன் விதி யாதெனில், புள்ளியின் நீள எண்ணையும் அகல எண்ணையும் மீதியின்றி வகுக்கக்கூடிய மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை இழைகள் தேவைப்படும் என்பதே. 5-க்கும் 4-க்கும் அத்தகைய எண் 1. 6-க்கும் 4-க்கும் 2. 9-க்கும் 6-க்கும் 3. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகு என்று மனப்பாடம் செய்து மறந்துபோன அதே கணக்கு, வாசலில் அரிசி மாவாகக் கிடக்கிறது.

ஆப்பிரிக்காக் கண்டத்தில் அங்கோலா நாட்டில் வாழும் சோக்குவே மக்களும் மணலில் புள்ளி வைத்து, விரலால் இழை இழுத்துச் சித்திரம் வரைவர். அதற்குச் சோனா என்று பெயர். கதை சொல்லுபவர் கதையைச் சொல்லிக்கொண்டே, விரலை எடுக்காமல் அதனை வரைந்து முடிப்பார். மொசாம்பிக் நாட்டுக் கணித அறிஞர் பாலஸ் கெர்டிஸ் அவற்றையும் நம் கோலங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார். கடல் கடந்த இரு மக்கள் ஒரே விதியைக் கைப்பழக்கத்தாலேயே கண்டு கொண்டிருப்பது வியப்பிற்குரியது.

நம் கோலம் கற்றோர் கவனத்திற்கு வராமலும் போகவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, அவர்தம் துணைவியார் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்திற்கும் இலக்கணம் வகுக்கலாம் என்றும், சில விதிகளைக் கொடுத்தால் கணிப்பொறியும் கோலம் போடும் என்றும் அவர்கள் காட்டினர். விதியை எழுதிவிட்டால், அதனைப் போட்டவர் அருகில் இல்லாவிடினும் கோலம் பிழைத்திருக்கும் என்ற உண்மையை இங்கே நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

தென்னையின் திருகல்

இனித் தோப்பிற்குள் செல்வோம். தென்னை மரத்தின் கொண்டையை அடியிலிருந்து அண்ணாந்து நோக்குபவருக்கு ஓலைகள் மனம்போனபடி விரிந்து கிடப்பதாகவே தோன்றும். ஆனால் மரம் ஏறுபவர் அவ்வாறு எண்ணமாட்டார். மட்டைகள் திருகுப்படி போல் சுற்றிச் சுற்றி ஏறுவதை அவர் கால் அறியும்.

ஓர் ஓலைக்கும் அதனை அடுத்துத் தோன்றும் ஓலைக்கும் இடையே உள்ள கோணம் ஏறத்தாழ 137.5 பாகை. புதிய குருத்து எப்போதும், முன் தோன்றிய குருத்துகளுக்கிடையே மிகுதியாக இடம் உள்ள பக்கத்தில் கிளம்புவதால் இக்கோணம் அமைகிறது. இதனால் ஓர் ஓலைக்கு நேர் கீழாக மற்றோர் ஓலை உடனே வந்து நிழலில் வாடுவதில்லை. ஐந்து படி இறங்கினால் இரண்டு சுற்றுக்கு 32.5 பாகை குறையும். எட்டுப் படி இறங்கினால் மூன்று சுற்றுக்கு மேல் 20 பாகை மிகும். பதின்மூன்று படி இறங்கினால் ஐந்து சுற்றுக்கு 12.5 பாகை மட்டுமே குறையும். ஆதலின் நன்கு விரிந்த முதல் ஓலையை ஒன்று என எண்ணினால், பதினான்காவது ஓலை ஏறத்தாழ அதற்கு நேர் கீழே நிற்கும்.

இக்கணக்கு வெறும் வேடிக்கைக்கு உரியதன்று. தென்னையில் சத்துக் குறைவு உண்டா என்று ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டுமானால், பதினான்காவது ஓலையின் நடுப்பகுதியிலிருந்தே கீற்று எடுத்தல் முறை. கொண்டையில் முப்பதுக்கு மேற்பட்ட ஓலைகள் இருக்கையில் அதனைத் தேடுவது எவ்வாறு? திருகலை அறிந்தவர் முதல் ஓலையிலிருந்து ஐந்து தாண்டி ஆறாவது ஓலையையும், அங்கிருந்து எட்டுத் தாண்டிப் பதினான்காவது ஓலையையும் பிழையின்றிக் காட்டிவிடுவார். அறியாதவர் கைக்கு எட்டிய ஓலையை அறுத்துக் கொடுப்பார். சோதனையின் பயன் அவ்வளவில் கெட்டுவிடும்.

ஐந்து, எட்டு, பதின்மூன்று என்ற இவ்வெண்களைக் கவனியுங்கள். முன்னிரண்டையும் கூட்டினால் மூன்றாவது வருகிறது. அன்னாசிப் பழத்தின் கண்களை ஒருபுறச் சாய்வில் எண்ணினால் எட்டு வரிசையும், மறுபுறச் சாய்வில் எண்ணினால் பதின்மூன்று வரிசையும் பெரும்பாலும் காணப்படும். சூரியகாந்திப் பூவின் விதைகளில் 34, 55 என்று அவ்வரிசை மேலும் வளரும். மேனாட்டார் இதனை 1202-இல் நூல் எழுதிய பிபனாச்சியின் பெயரால் வழங்குவர். அவருக்கு முன்னரே நம் நாட்டு யாப்பு நூலாராகிய விரகாங்கர், ஹேமசந்திரர் முதலியோர் குறிலும் நெடிலும் எத்தனை வகையாக அடுக்கப்படலாம் என்று எண்ணிப் பார்த்து இவ்வெண்களைக் கண்டிருந்தனர்.

தென்னையின் திருகலில் இடத்திருகலும் உண்டு, வலத்திருகலும் உண்டு. கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய டி. ஏ. டேவிஸ் இதனை விரிவாக ஆராய்ந்தார். இடத்திருகல் மரங்கள் சற்று மிகுதியாகக் காய்க்கின்றன என்று அவர் எழுதினார். ஆனால் தாய்மரத்தின் திருகல் கன்றுக்குச் செல்வதில்லை என்பதையும் 1962-இல் வெளியிட்ட ஆய்வில் அவரே நிலைநாட்டினார். ஆகவே இடத்திருகல் மரத்தின் நெற்றை வாங்கி முளைக்கவைத்தால் இடத்திருகல் கன்றே கிடைக்கும் என்று நம்பி ஒருவர் கூடுதல் விலை கொடுத்தால், அவர் ஏமாந்தவரே ஆவார். ஒழுங்கைக் காண்பது ஒன்று. அவ்வொழுங்கு எதனால் வருகிறது, எதுவரை செல்லும் என்று அறிவது மற்றொன்று. இரண்டும் வேண்டும்.

தேன்கூடும் நடவும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயல், நம் மாவட்டத்துத் தென்னந்தோப்புகளையும் பலாத் தோப்புகளையும் சாய்த்துச் சென்றதை நாம் மறக்கவியலாது. வீழ்ந்த தோப்பை மீண்டும் வைப்பவரும், புதிதாகத் தோப்பு வைப்பவரும் எதிர்ப்படும் முதல் வினா, கன்றை எந்த ஒழுங்கில் நடுவது என்பதே.

நாம் பெரும்பாலும் சதுர முறையில் 25 அடி, அதாவது 7.5 மீட்டர், இடைவெளியில் நடுகிறோம். ஒவ்வொரு மரத்திற்கும் 56.25 சதுர மீட்டர் நிலம் கிடைக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 178 மரங்கள் கொள்ளும். இதற்கு மாறாக, முதல் வரிசையின் இரு கன்றுகளுக்கு நடுவே எதிரில் வருமாறு அடுத்த வரிசைக் கன்றை வைத்தால், மூன்று கன்றுகளும் சமபக்க முக்கோணமாக நிற்கும். எந்தக் கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் உள்ள தூரம் அதே 7.5 மீட்டர்தான். ஆனால் வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம் 6.5 மீட்டராகக் குறைகிறது. மரம் ஒன்றுக்கு 49 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவான நிலமே தேவைப்படுவதால், அதே ஹெக்டேரில் ஏறத்தாழ 205 மரங்கள் நிற்கும். நூற்றுக்குப் பதினைந்து மரம் மிகுதி.

தேனீ தன் கூட்டை அறுகோணமாகக் கட்டுவதும் இத்தகைய சிக்கனமே. ஒரு பரப்பைச் சம அளவுள்ள அறைகளாகப் பிரிப்பதற்கு, அறுகோண அறைகளுக்கே சுவரின் மொத்த நீளம் மிகக் குறைவு. பண்டைக்காலம் முதல் அறிஞர்கள் இதனை உண்மையென்று கருதிவந்தனர். ஆயினும் 1999-இல்தான் தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் இதற்கு நிறைவான நிரூபணம் அளித்தார். கோடையில் நீர் வற்றிய நம் கண்மாய்களின் வண்டலை நோக்கினும் இச்சாயல் தென்படும். முதன்முறை காயும் சேறு பெரும்பாலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான வெடிப்புகளைக் கொள்ளும். நனைந்தும் காய்ந்தும் பலமுறை ஆன பின் மூன்று வெடிப்புகள் கூடும் சந்திகள் மிகுந்து, அறுகோணச் சாயல் படியும்.

எனினும் முக்கோண நடவே எல்லோருக்கும் ஏற்றது என்று கூறுவதற்கில்லை. சிறிய நிலத்தில் வரப்போரம் வீணாகும் இடம் இந்த மிகுதியை விழுங்கிவிடும். நடுவில் வாழையும் மலர்ச்செடியும் ஊடுபயிராக வைப்பவருக்கு அகன்ற சதுரமே வசதி; உழவு இயந்திரம் நெடுக்கும் குறுக்கும் தடையின்றிச் செல்லும். பயனை அறிந்து ஒழுங்கைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே கருத்து. திருந்திய நெல் சாகுபடியில் 22.5 சென்டிமீட்டர் சதுரமாக நாற்று நடச் சொல்லுவதும், களையெடுக்கும் உருளை இரு திசையிலும் ஓடட்டும் என்பதற்காகவே.

கட்டத்தின் கணக்கு

தறியில் அமர்ந்தவருக்கு ஒழுங்கே மூலதனம். பாவு நெடுக்கில் நிற்க, ஊடை குறுக்கில் புக, இரண்டும் மேலும் கீழுமாக மாறி மாறிச் செல்வதே நெசவு. ஒன்று மேல், ஒன்று கீழ் என்றால் சாதா நெசவு. இரண்டு மேல், இரண்டு கீழாக வைத்து, ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் இழை தள்ளிச் சென்றால் துணியில் சாய்வரை தோன்றும். விதி சிறியது, அதிலிருந்து பிறக்கும் உருவம் பெரியது.

நமக்கு அண்டையிலுள்ள காரைக்குடியின் கண்டாங்கிச் சேலையை அறியாதார் இலர். அகன்ற கரையும், எடுப்பான வண்ணத்தில் கட்டமும் கோடும் அதன் அடையாளம். இத்தகைய கட்டச் சேலை ஒன்றின் கணக்கை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம்.

அங்குலத்திற்கு 60 பாவு இழை என்று வைத்துக்கொள்வோம். 54 இழை சிவப்பு, 6 இழை கறுப்பு என்பது ஒரு கட்டம். உடல் அகலம் 36 அங்குலமானால் 36 கட்டம். மொத்தம் 2160 இழை. அதில் சிவப்பு 1944, கறுப்பு 216. நூலுக்குச் சாயம் போடும் கணக்கு இங்கேயே கிடைத்துவிடுகிறது: பத்தில் ஒன்பது பங்கு சிவப்பு, ஒரு பங்கு கறுப்பு. ஆனால் 54 சிவப்பில் தொடங்கி அப்படியே பாவு ஓட்டினால், ஒரு கரையருகே சிவப்பும் மறு கரையருகே கறுப்பும் வந்து நிற்கும். சேலை ஒருக்களித்தாற்போல் தோன்றும். அதனைத் தவிர்க்க முதல் சிவப்பைப் பாதியாக்கி, 27-இல் தொடங்கி 27-இல் முடிக்க வேண்டும். மொத்த இழை அதே 2160. சேலை இரு புறமும் ஒத்து நிற்கும்.

அடுத்தது ஊடை. அங்குலத்திற்கு 56 ஊடை அடிப்பவர் ஒருவர், பாவில் உள்ளவாறே 54-க்கு 6 என்று ஊடையிலும் போட்டால் கட்டம் சதுரமாகாது. உயரம் சற்று நீண்டுவிடும். 50-க்கு 6 என்று போட்டால்தான் ஓர் அங்குலச் சதுரம் அமையும். ஒரு கட்டத்தில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் ஆறு கெஜச் சேலையாகிய 216 அங்குலத்தில், 216 கட்டம் வரவேண்டிய இடத்தில் 201 கட்டத்திற்குச் சற்று மேலாகவே வரும். வாங்குபவர் இழை எண்ணிப் பார்ப்பதில்லை; எனினும் 'ஏதோ சரியில்லை' என்று கீழே வைத்துவிடுவார். ஏன் வைத்தார் என்று நெசவாளருக்கும் விளங்காது.

பூவும் கொடியும் நெய்யும் ஜக்கார்டுப் பெட்டியின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் அமைத்த அக்கருவியில், துளையிட்ட அட்டையே கட்டளை இடுகிறது. துளை உள்ள இடத்தில் ஒரு செயல், இல்லாத இடத்தில் மற்றொரு செயல். இங்கிலாந்து நாட்டுச் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு இவ்வட்டைகளையே கடன் வாங்கினார். அப்பொறியை ஜக்கார்டுத் தறியோடு ஒப்பிட்டு ஏடா லவ்லேஸ் அம்மையார் 1843-இல் விளக்கம் எழுதினார். இன்று உலகை ஆளும் கணிப்பொறியின் முன்னோர் வரிசையில் ஒரு நெசவுத் தறியும் உண்டு என்பது நெசவாளர் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளத்தக்க செய்தி. அட்டையின் சிறப்பு யாது? நெய்பவரின் நினைவில் இருந்த விதியை, நினைவுக்கு வெளியே எடுத்து வைத்ததே அதன் சிறப்பு.

ஒழுங்கு பிறழும்போது

ஒழுங்கை அறிந்தவருக்கு மற்றொரு நன்மையும் உண்டு. அது பிறழும் இடமே குறையின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

துணியில் நெடுக ஓடும் பிழையானால் அது பாவிலோ, அச்சிலோ, விழுதிலோ இருக்கும். இழை மாறிக் கோத்திருக்கலாம். குறுக்கே ஓடும் பிழையானால் அது ஊடையிலோ அடிப்பிலோ இருக்கும். தார் மாறியிருக்கலாம், அல்லது கை ஓய்ந்து மீண்டும் தொடங்கிய இடமாக இருக்கலாம். பிழையின் திசையை அறிந்தவர் தறி முழுவதையும் குடையாமல் உரிய இடத்தைச் சரிசெய்வார்.

பயிரிலும் அவ்வாறே. கீழ் இலைகள் முழுதும் ஒரே சீராக வெளிறி மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. மேலுள்ள இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் நரம்பிடைப் பகுதி மஞ்சளாகவும் கோடிட்டாற்போல் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவு. உளுந்திலும் பாசிப்பயற்றிலும் மஞ்சளும் பச்சையுமாக ஒழுங்கற்ற திட்டுகள் சிதறித் தோன்றினால், அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய். சத்துக் குறைவு நிலத்தின் ஒரு பகுதியைத் தொடர்ச்சியாகப் பற்றும். தேமல் நோயோ தொடக்கத்தில் அங்கொரு செடி, இங்கொரு செடியாகத் தலைகாட்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் நச்சுயிர் நோய்க்கு இரும்பு உப்பைத் தெளித்தால், கைப்பணமும் போய்ப் பயிரும் போகும். அறிந்தவர் நோயுற்ற செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழித்துவிட்டு, அடுத்த பருவத்திற்குத் தேமலைத் தாங்கும் விதையை நாடுவார். நம் மாவட்டத்து வம்பனிலுள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் அத்தகைய உளுந்து இரகங்களை வெளியிட்டிருப்பதை உழவர் அறிவர்.

குகையிலும் பாறையிலும்

நம் முன்னோர் ஒழுங்கை எவ்வாறு போற்றினர் என்பதற்கு வெளியூர் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் முன்மண்டப விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. மொட்டும் மலருமாகத் தாமரைகள், இடையிடையே மீன், அன்னம், யானை, எருமை, மலர் கொய்யும் மாந்தர் என அதில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. உள்ளே கருவறை விதானத்திலோ, விரித்த கம்பளம் போன்ற ஓவியம். வரிக்கோட்டுக் கரை, வட்டங்கள், சதுரங்கள், அவற்றிடையே உருவங்கள் என முறை தவறாமல் அமைந்த நெசவாளர் ஒழுங்கு அது. துணியின் கோலத்தைக் கல்லின் மேல் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று கொள்வதில் தவறில்லை. பாண்டிய மன்னன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கிய செய்தியை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக் கூறுகிறது.

சித்தன்னவாசலில் கண்ணுக்குரிய ஒழுங்கு என்றால், குடுமியான்மலையில் செவிக்குரிய ஒழுங்கு. அங்குள்ள குகைக்கோயிலை அடுத்த பாறையில், கிரந்த எழுத்தில், இசைச் சுரங்கள் நந்நான்காகக் கூட்டப்பட்டு வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏழு இராகங்களுக்கு ஏழு பகுதிகள். அறிஞர் பலர் அதனை ஏழாம் நூற்றாண்டினது என்பர். தறிக்கட்டத்தாளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்பாறை அந்நியமாகத் தோன்றாது. அங்கே இழைக்குப் பதில் சுரம், அவ்வளவே வேறுபாடு.

அக்கல்வெட்டின் இறுதியில் ஒரு குறிப்பு உண்டு. உருத்திராசாரியர் என்பவரின் மாணாக்கனாகிய அரசன் ஒருவன், மாணவர் நன்மையின் பொருட்டு இதனைச் செய்தான் என்பது அதன் பொருள். ஆசிரியரிடம் வாய்வழியாகக் கற்ற ஒழுங்கு, தன்னோடு மறைந்துவிடலாகாது என்று கருதிப் பாறையில் வெட்டுவித்திருக்கிறான். அவன் பெயரைக் கூட அவ்வெழுத்துத் தெளிவாகச் சொல்லவில்லை. ஆனால் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அச்சுர வரிசையை நாம் படிக்கிறோம்.

நாம் செய்ய வேண்டுவது

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். இக்கட்டுரை எழுதுவோன் அறிந்த முதிய நெசவாளர் ஒருவர் இருந்தார். பழைய கரை ஒன்றை அவர் ஏட்டைப் பாராமல், விரல் மடக்கி எண்ணியே பாவு ஓட்டுவார். அவர் காலஞ்சென்ற சில ஆண்டுகளுக்குப் பின், அக்கரையே வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்தார். சங்கத்தில் எவருக்கும் கணக்குத் தெரியவில்லை. பெட்டியடியில் கிடந்த பழஞ்சேலை ஒன்றை அவர் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கி, கண்ணாடி வைத்து இழை இழையாக எண்ணினார்கள். பன்னிரண்டு நாள் ஆயிற்று. அப்போதும் மடிப்பில் நைந்துபோன பகுதியில் இழையின் எண்ணிக்கை கிட்டவில்லை, ஊகித்தே முடித்தார்கள். அவர் இருந்த காலத்தில் ஒரு பிற்பகல் அருகில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை அது. அச்சேலையும் கிட்டாமற் போயிருந்தால் அக்கரை உலகில் இல்லாமற் போயிருக்கும்.

ஆதலால் ஒவ்வொரு சங்கத்திலும் மாதிரி ஏடு ஒன்று தொடங்க வேண்டும். தடித்த அட்டையிட்ட கட்டத்தாள் புத்தகம் ஒன்று போதும். கரை ஒன்றுக்கு ஒரு பக்கம். அதில் ஒரு சாண் துணி, அச்சின் எண், நூலின் எண், பாவு ஓட்டும் வரிசை, ஊடை வரிசை, விழுது கோக்கும் முறை, சாயத்தின் விவரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அக்கணக்கைச் சொல்லிக் கொடுத்தவரின் பெயரையும் அவர் எவரிடம் கற்றார் என்பதையும் எழுத வேண்டும். பயிரிடுவோரும் இவ்வாறே தோப்பின் படம், மரத்திற்கு எண், நட்ட ஆண்டு, ஆண்டுதோறும் காய்ப்பு ஆகியவற்றைக் குறித்துவைக்கலாம். மூன்றாண்டுக் குறிப்பு இருந்தால், எந்த மூலையில் மகசூல் குறைகிறது என்ற ஒழுங்கு தானே புலப்படும்.

'எழுதி வைத்தால் பிறர் திருடிக்கொள்வார்களே' என்று சில அங்கத்தினர் அஞ்சுவது உண்டு. அவ்வச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விசைத்தறியில் மலிவாக நெய்து கைத்தறி என்று விற்போரை நாம் அறிவோம். ஆனால் துணி கடைக்குச் சென்றபின் அதன் கோலத்தைக் கண்டு பின்பற்ற ஏடு எதற்கு? ஏடில்லாமையால் நஷ்டப்படுவது நம் பிள்ளைகளே. மேலும் சட்டத்தின் துணையும் எழுத்தை நம்பியே நிற்கிறது. புதிதாக வகுத்த வடிவத்தை விற்பனைக்கு விடுமுன் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தால் பத்தாண்டு உரிமையும், மேலும் ஐந்தாண்டு நீட்டிப்பும் கிடைக்கும். வழிவழி வந்த பழைய வடிவத்திற்கு அச்சட்டம் உதவாது; அதற்குரியது புவிசார் குறியீடு. கண்டாங்கிச் சேலை 2019-இல் அக்குறியீட்டைப் பெற்றது. அவ்வாறு பெறுவதற்குப் பொருளின் இலக்கணத்தை அளவோடு எழுதிக் காட்ட வேண்டும். எழுதிக் காட்ட இயலாததற்குச் சட்டத்தில் பெயரில்லை.

அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து, ஏட்டைப் பாதுகாக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். எழுதத் தெரிந்த இளைஞர்கள் முதியோரின் தறியருகே ஒரு பிற்பகல் அமரட்டும். முதியோரும், 'இதில் என்ன இருக்கிறது' என்று ஒதுக்காமல், இழை இழையாகச் சொல்லட்டும். காலையில் போட்ட கோலம் மாலைக்குள் அழிந்துவிடினும் கவலையில்லை. மறுநாள் போடுவதற்கு அம்மையோ மகளோ வீட்டில் இருக்கிறார்கள். தறிக்கு அந்த உறுதி இன்று இல்லை. ஏடுதான் அதற்கு மகள்.